‘சொன்னால் கேட்பதில்லை’: ஒரு படிவமும் ஒரு மாத்திரையும்

இது சற்று நீண்ட பதிவு.

ஏடிஎச்டி எனப்படும் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கலாமா என்னும் பேச்சு எழும்போதெல்லாம் நம் வட்டத்தில் இரண்டு குரல்களே ஓங்கி ஒலிக்கின்றன. குழந்தையின் குறும்பை நோயாக்கி மருந்து நிறுவனங்கள் பிழைக்கின்றன என்பது ஒன்று. மாத்திரை போட்டால் பையன் படித்துவிடுவான், இதில் என்ன தயக்கம் என்பது மற்றொன்று. முதற்குரல் பெரும்பாலும் பல்கலைக்கழக நண்பர்களுடையது. இரண்டாவது பள்ளியில் பிறந்து, பெற்றோர் வாய்வழியாக நம்மை வந்து சேர்வது. நான் மருத்துவம் பயின்றதில்லை. மொழியியலில் முதுகலை முடித்துச் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்கும் பேசும் குழந்தைகளின் மொழியை ஆராய்ந்து வருகிறேன். எந்தக் குழந்தைக்கு என்ன மருந்து என்பதை இப்பதிவைக் கொண்டு எவரும் முடிவு செய்ய வேண்டாம். ஆனால் இவ்விவாதத்தில் மருத்துவர்கள் தொடாத ஒரு பக்கம் என் துறைக்குள் வருகிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் மருந்தைப் பற்றியும் சரியாகச் சொல்லியாக வேண்டும்.

சொற்களிலிருந்து தொடங்குகிறேன். ஏடிஎச்டிக்குத் தமிழில் வழங்கும் பெயர்களில் பரவலானது ‘கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு’ என்பது. நாளிதழ்த் தமிழில் ‘கவனக்குறைவு’ எங்கே வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஓட்டுநரின் கவனக்குறைவால் விபத்து. மருத்துவமனை ஊழியரின் கவனக்குறைவால் உயிரிழப்பு. அங்கெல்லாம் அச்சொல் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்ட குற்றத்தைக் குறிக்கிறது. அதே சொல்லை ஓர் எட்டு வயதுக் குழந்தையின் மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாட்டுக்குப் பெயராக வைத்தோம். பெயரைக் கேட்டவுடன் தாய் குற்றவுணர்வு கொள்வதும் ஆசிரியர் கண்டிப்பைக் கூட்டுவதும் வியப்பில்லை. ‘கவனம் நிலைகொள்ளாமை’ என்பது நீளமாக இருக்கலாம். அதில் பழி இல்லை.

மருந்தின் பெயரிலும் இதே சிக்கல். ‘ஊக்கமருந்து’ என்றால் தமிழ் வாசகருக்கு நினைவுக்கு வருவது பதக்கம் பறிக்கப்பட்ட ஓட்டப்பந்தய வீரர். விளையாட்டுப் பக்கம் அச்சொல்லை மோசடிக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. அதைக் குழந்தைக்குக் கொடுங்கள் என்று சொன்னால் எந்தத் தகப்பனார் ஒப்புவார்? இரத்த அழுத்தத்துக்கான மருந்தை ‘பிரஷர் மாத்திரை’ என்று சொல்லிப் பழகிய நம் மக்களிடம் இதைக் ‘கவனத்துக்கான மாத்திரை’ என்று சொல்லிப் பார்க்கலாம். இனி இப்பதிவில் மெத்தில்ஃபெனிடேட் என்று மருந்தின் பெயராலேயே குறிப்பிடுகிறேன்.

ஏற்கெனவே துள்ளும் குழந்தைக்குத் தூண்டும் மருந்தா என்பது பலரும் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. மூளையின் முன்பகுதியில் ஒரு வேலையில் நிலைத்திருக்கவும் தேவையற்ற தூண்டலை ஒதுக்கவும் உதவும் நரம்புச் சுற்றுகள் உள்ளன. டோபமைன், நார்அட்ரினலின் ஆகியவை அவற்றில் செய்தி கடத்துபவை. வெளிப்பட்ட அவ்வேதிப்பொருள்கள் உடனே திரும்ப உறிஞ்சப்படுவதை மெத்தில்ஃபெனிடேட் தடுக்கிறது. தூண்டப்படுவது பெரிதும் அந்தக் கடிவாளமே. அதனால் துள்ளல் குறைகிறது. சாதாரண மாத்திரை அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கி மூன்று, நான்கு மணி நேரம் நிற்கும். மெல்ல வெளிப்படும் வகை பள்ளி நேரம் முழுவதும் தாங்கும். தூக்க மாத்திரை போல மந்தமாக்கும் என்பது பெற்றோரிடையே உலவும் தவறான எண்ணம். குழந்தை மந்தமாகி, முகம் களையிழந்து காணப்பட்டால் அளவு கூடிவிட்டது என்பதே பெரும்பாலும் பொருள். மருத்துவரிடம் சொல்லிக் குறைக்க வேண்டிய நிலை அது.

இந்த மருந்துகளின் வரலாறு ஒரு தற்செயல். 1937இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் குழந்தைகளுக்கான மனநல இல்லம் ஒன்றின் மருத்துவர் சார்லஸ் பிராட்லி, மூளையைப் படமெடுக்கும் சோதனைக்குப் பின் குழந்தைகளுக்கு வந்த தலைவலியைத் தணிக்கலாம் என்று பென்சிட்ரின் என்ற ஆம்ஃபெட்டமைன் மருந்தைக் கொடுத்தார். தலைவலி தணியவில்லை. 30 குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் பள்ளிப்பாடத்தில் திடீரென்று ஊன்றி வேலை செய்தார்கள். குழந்தைகளே அதற்குக் ‘கணக்கு மாத்திரை’ என்று பெயரிட்டார்கள். மெத்தில்ஃபெனிடேட் 1944இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தில் உருவாக்கப்பட்டு 1954இல் ரிட்டாலின் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. கண்டுபிடித்த வேதியியலாளர் தம் மனைவி ரீட்டாவின் பெயரை அதற்கு வைத்தார்.

அது எந்த அளவுக்கு வேலை செய்கிறது? 2018இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் 133 சமவாய்ப்புச் சோதனைகளை ஒருங்கே ஒப்பிட்ட ஆய்வு வெளிவந்தது. பயனையும் தாங்குதிறனையும் சேர்த்து எடைபோட்டுக் குழந்தைகளுக்கு முதல் தேர்வாக மெத்தில்ஃபெனிடேட்டை அது பரிந்துரைத்தது. மருத்துவர்களின் மதிப்பீட்டில் விளைவின் அளவு 0.78. மனநல மருத்துவத்தில் இது பெரிய எண். ஆனால் அது சுமார் 12 வாரக் கணக்கு. அதற்கு முன்பே, 2015இல், 185 சோதனைகளையும் 12,000க்கு மேற்பட்ட குழந்தைகளையும் உள்ளடக்கிய காக்ரேன் மதிப்பாய்வு, பயன் இருப்பதாகத் தோன்றினாலும் சான்றின் தரம் மிகத் தாழ்ந்தது என்று எழுதிப் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. காரணங்களுள் ஒன்று எளிமையானது: பசி குறைந்து தூக்கம் கெடுவதைப் பார்த்து எந்தக் குழந்தை உண்மையான மாத்திரையை விழுங்குகிறது என்பதை மதிப்பிடுபவர் ஊகித்துவிட முடியும். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இதைச் சேர்க்கக் கோரிய விண்ணப்பங்கள் 2019இலும் 2021இலும் ஏற்கப்படவில்லை. இச்செய்திகளை மருந்து எதிர்ப்பாளர்கள் விரும்பிப் பகிர்கிறார்கள். 2018 ஆய்வை ஆதரவாளர்கள் பகிர்கிறார்கள். குறுகிய காலத்தில் நோய்க்குறிகள் குறைகின்றன. பல ஆண்டுக் கணக்கில் என்ன ஆகிறது என்பதற்கு அவ்வளவு உறுதியான சான்று இல்லை என்று படித்தால் இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை.

நீண்ட காலத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி எம்டிஏ என்னும் அமெரிக்க ஆய்விலிருந்து வருவது. 7 முதல் 9 வயது வரையிலான 579 குழந்தைகள், நான்கு குழுக்கள், 14 மாதங்கள். முடிவு 1999இல் வந்தது: கவனித்துக் கொடுக்கப்பட்ட மருந்து, தனித்த நடத்தைப் பயிற்சியைவிட நோய்க்குறிகளை நன்கு குறைத்தது. பலரும் இவ்வளவோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஒப்பீட்டுக்காகத் தத்தம் ஊர் மருத்துவரிடமே விடப்பட்ட நான்காம் குழுவிலும் மூன்றில் இரு பங்குக் குழந்தைகள் மருந்து உட்கொண்டார்கள். அதே வகை மருந்து. ஆனாலும் அவர்கள் ஆய்வுக்குழுவினர் அளவுக்குத் தேறவில்லை. ஆய்வுக்குழுவில் மாதந்தோறும் அரை மணி நேரம் குழந்தையைப் பார்த்தார்கள், ஆசிரியரிடம் விசாரித்தார்கள், அளவைத் திருத்தினார்கள். ஊர் மருத்துவரிடம் அதற்கு நேரம் இல்லை. ஆய்வு முடிந்து அந்தக் கவனிப்பு விலகிய பின், மூன்றாம் ஆண்டில், நான்கு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை என்று 2007இல் அறிவித்தார்கள். மாத்திரையோடு சேர்த்து அந்த அரை மணி நேரத்தையும் மருந்தாகக் கொள்ள வேண்டும் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

‘மாத்திரை போட்டால் படித்துவிடுவான்’ என்போருக்காக இன்னோர் ஆய்வு. 2022இல் வெளியான இதில் ஃபுளோரிடாவின் கோடைக்காலப் பயிற்சியொன்றில் 7 முதல் 12 வயது வரையிலான 173 குழந்தைகளுக்குப் புதிய சொற்களும் பாடங்களும் கற்பிக்கப்பட்டன. ஒவ்வொரு குழந்தையும் ஒரு கட்டத்தில் மருந்தும் மற்றொரு கட்டத்தில் வெற்று மாத்திரையும் உட்கொண்டது. மருந்துண்ட நாள்களில் குழந்தைகள் ஒரு நிமிடத்தில் 37 விழுக்காடு அதிகமான கணக்குகளைப் போட்டார்கள்; வகுப்பு விதிகளை மீறுவது 53 விழுக்காடு குறைந்தது. கற்றுக்கொண்ட சொற்களின் அளவோ மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறத்தாழ ஒன்றே. சொற்கோவை வளர்ச்சியை ஆராய்பவர் என்ற முறையில் இம்முடிவு எனக்கு வியப்பளிக்கவில்லை. சொல், கேட்டும் பேசியும் பொருள் புரியும் சூழலில் புழங்கியும் வருவது. மாத்திரை குழந்தையை இருக்கையில் நிறுத்தும். அங்கே புரியாத மொழியில் பாடம் நடந்தால் அமைதியாக உட்கார்ந்து புரியாமல் இருக்கும், அவ்வளவே. இதை மருந்துக்கு எதிரான சான்றாகக் கொள்ளவும் வேண்டாம். நாள்தோறும் அடி வாங்காமல், நண்பர்களை இழக்காமல், சாலையில் திடீரென்று குறுக்கே ஓடாமல் இருப்பது மதிப்பெண்ணில் தெரியாவிட்டாலும் குழந்தைக்குப் பெரிய ஆதாயம்.

பக்கவிளைவுகளுக்கு வருகிறேன். வயிற்றுவலி, தலைவலி, இரவில் உறக்கம் தள்ளிப்போவது, மருந்தின் வேகம் இறங்கும் மாலை நேரத்தில் சிடுசிடுப்பு, நாடித்துடிப்பிலும் இரத்த அழுத்தத்திலும் சிறு ஏற்றம் ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. பெரும்பாலும் அளவையும் நேரத்தையும் மாற்றிச் சமாளிக்கக் கூடியவை. அடிமையாகிவிடுவான் என்ற அச்சம் பெற்றோரிடம் மிகுதி. சிறுவயதில் முறையாக மருந்துண்டவர்கள் பிற்காலத்தில் போதைப் பழக்கத்துக்கு ஆளாவது அதனால் கூடவுமில்லை, குறையவுமில்லை என்பதே பல நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டது. (தேர்வுக்கு முந்திய இரவில் நண்பனின் மாத்திரையை வாங்கி விழுங்கும் மாணவர் கதை வேறு. அவரை யாரும் பரிசோதிக்கவில்லை, இதயத்துடிப்பைப் பார்க்கவில்லை. இதை வாசிக்கும் மாணவர்கள் அந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்.)

நம் மாவட்டங்களில் நின்று பார்க்கும்போது என்னைக் கவலைகொள்ள வைப்பது பசியின்மை. காலையில் விழுங்கிய மாத்திரையின் வேகம் நண்பகலிலும் நீடிக்கக்கூடும். அரசுப் பள்ளியில் மதிய உணவு பரிமாறப்படுவதும் அப்போதுதான். அமெரிக்க நடுத்தர வர்க்கக் குழந்தை மதியம் சாப்பிடாவிட்டால் இரவில் ஈடுகட்டும், குளிர்பதனப் பெட்டி நிறைய உணவு இருக்கும். கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் குழந்தைக்கு முட்டையோடு கிடைக்கும் சத்தான ஒரே உணவு அந்தப் பள்ளித் தட்டிலேயே இருக்கக்கூடும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஆந்திரத்தில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். எம்டிஏ குழந்தைகளை இளம்பருவம் வரை பின்தொடர்ந்து 2017இல் வெளியிட்ட அறிக்கை, மருந்தைத் தொடர்ந்து உட்கொண்டவர்கள் மிகக் குறைவாக உட்கொண்டவர்களைவிடச் சராசரியாக இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்கு உயரம் குறைந்திருந்ததைக் காட்டுகிறது. நல்ல உணவுள்ள நாட்டின் கணக்கு அது. தொடக்கத்திலேயே வளர்ச்சி பின்தங்கிய குழந்தைக்கு அந்த இரண்டரை சென்டிமீட்டர் எங்கிருந்து கழியும்?

இதற்கு விடை மருந்தை மறுப்பதில் இல்லை. காலை உணவை முடித்த பிறகு மாத்திரை, வேகம் இறங்கியபின் இரவு எட்டு மணிக்கு வயிறார ஓர் உணவு, ஆசிரியரிடம் சொல்லி மதிய முட்டையை மாலையில் உண்ணக் கொடுத்தனுப்புவது, தேவையானால் மருத்துவர் சொல்லும்படி விடுமுறை நாள்களில் இடைவெளி; இவை செலவில்லாதவை. இங்கிலாந்தின் நைஸ் வழிகாட்டுதல் பத்து வயது வரையிலான குழந்தைக்கு மூன்று மாதத்துக்கொரு முறை எடையும், ஆறு மாதத்துக்கொரு முறை உயரம், நாடி, இரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்கிறது. ஓர் எடைக்கருவி, சுவரில் ஓர் அளவுகோல், ஒரு நோட்டு. மருந்துச் சீட்டை மட்டும் புதுப்பித்துக்கொண்டு, எடை குறித்த நோட்டு இல்லாமல் ஓராண்டு ஓடுகிறதென்றால் அதைச் சிகிச்சை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி என் துறை. ஏடிஎச்டிக்கு இரத்தப் பரிசோதனை இல்லை, படமெடுத்துக் காணும் வழி இல்லை. பெற்றோரும் ஆசிரியரும் சொல்வதும், படிவத்தில் குறிப்பதும், மருத்துவர் நேரில் காண்பதும் சேர்ந்ததே நோயறிதல். மருந்து வேலை செய்கிறதா என்று அளப்பதும் அதே படிவத்தால்தான். முதற்சீட்டிலிருந்து பல ஆண்டுச் சிகிச்சை வரை சில வாக்கியங்கள் தாங்கி நிற்கின்றன. அவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை.

அவ்வாக்கியங்களுள் ஒன்று, நேருக்கு நேர் பேசும்போதும் குழந்தையின் மனம் வேறெங்கோ இருப்பதைக் குறிப்பது. இதைத் தமிழாக்குவோர் கை இயல்பாக எழுதுவது ‘கேட்பதில்லை’ என்றுதான். பாட்டுக் கேட்டான், விலை கேட்டான், கடன் கேட்டான், அப்பா சொன்னதைக் கேட்டான் என்னும் நான்கு தொடர்களிலும் ‘கேள்’ என்ற வினைக்குப் பொருள் வேறு. குழந்தையைப் பற்றிப் பேசும்போது முந்தி வருவது நான்காவது, கீழ்ப்படிதல். ‘சொன்னால் கேட்பதில்லை’ என்ற தமிழ்த் தொடரைப் படிக்கும் தாய், பிள்ளை அடங்காதவனா என்று கேட்கப்படுவதாகவே கொள்வார். தெலுங்கிலும் இதே வழுக்கல். ‘செப்பின மாட்ட வினடு’ என்றால் காதில் வாங்காதவன் என்பதைவிடப் பேச்சுக்கு அடங்காதவன் என்பதே. கவனம் சிதறுவதை அளக்க வந்த கேள்வி கீழ்ப்படியாமையை அளந்துவிட்டுப் போகிறது. விளைவு இருவகை. கவனத்தில் குறையேதும் இல்லாத, எதிர்த்துப் பேசும் சிறுவன் மதிப்பெண் வாங்கிவிடுகிறான். கடைசி இருக்கையில் சன்னலைப் பார்த்தபடி, யாருக்கும் தொல்லை தராமல், சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு எதையும் உள்வாங்காமல் இருக்கும் சிறுமிக்கு அந்த வரியில் சுழி. அவள் மருத்துவர் கண்ணுக்கே படமாட்டாள்.

‘அடிக்கடி’ என்ற சொல்லும் எளிதானதன்று. யாரோடு ஒப்பிட்டு அடிக்கடி? நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஆசிரியர் தம்மை அறியாமல் வகுப்பின் சராசரியோடு ஒப்பிடுகிறார். அமெரிக்காவில் செப்டம்பர் முதல் நாளை வயது வரம்பாகக் கொண்ட மாநிலங்களில், வகுப்பிலேயே இளையவர்களான ஆகஸ்டில் பிறந்த குழந்தைகள், மூத்தவர்களான செப்டம்பரில் பிறந்தவர்களைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகமாக ஏடிஎச்டி என்று கண்டறியப்பட்டதை 2018இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் வெளியிட்டது. பத்து, பதினொரு மாத முதிர்ச்சியின்மை நோயாகத் தோற்றமளித்திருக்கிறது. வயதைக் கூட்டிச் சொல்லி ஐந்து நிறையும் முன் ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கும் வழக்கம் நம்மூரில் இன்னும் ஒழியவில்லை என்பதை இதோடு சேர்த்து எண்ணிக்கொள்ளலாம்.

மொழி எல்லையில் இச்சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கத்துக் குழந்தைகளில் பலருக்கு வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. பள்ளியின் பெயர்ப்பலகையில் ஆங்கிலம், ஆசிரியர் விளக்குவது தெலுங்கில், எழுதுவது மீண்டும் ஆங்கிலத்தில். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானதும், 1960இல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்ததும் வரலாற்று மாணவர்களுக்குத் தெரியும். எல்லைக்கோடு எங்கே விழுந்தாலும் வீட்டு மொழி அதைப் பார்த்து மாறுவதில்லை. பாதி புரியும் மொழியை ஐந்து மணி நேரம் உற்றுக் கேட்பது களைப்பூட்டும் வேலை. பெரியவர்களே அயல்மொழிக் கருத்தரங்கில் பிற்பகலில் கைப்பேசியை எடுத்துவிடுகிறோம். அக்களைப்பில் நெளியும் ஏழு வயதுக் குழந்தையை ஆசிரியர் நேர்மையாகவே ‘நீண்ட நேரம் கவனம் செலுத்த இயலவில்லை’ என்று குறிப்பார்.

கோயம்புத்தூரின் நான்கு பள்ளிகளில் 6 முதல் 11 வயது வரையிலான 770 குழந்தைகளைப் பெற்றோர், ஆசிரியர் படிவங்களைக் கொண்டு மதிப்பிட்டு 2013இல் வெளியிட்ட ஆய்வில் 11.32 விழுக்காட்டினருக்கு ஏடிஎச்டி எனக் கண்டார்கள். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் சொல்லப்பட்ட உலகச் சராசரி 5.29. கோவை ஆய்வில் தாழ்ந்த பொருளாதார நிலையிலுள்ளோரிடையே 16.33, நடுத்தர வகுப்பினரிடையே 6.84. வறுமையோடு வரும் ஊட்டக்குறைவும் குறைப்பிரசவமும் இவ்வேறுபாட்டின் ஒரு பகுதியை விளக்கக்கூடும். வீட்டு மொழிக்கும் பள்ளி மொழிக்கும் உள்ள தொலைவும், ஏழைக் குழந்தையின் நடத்தையை ஆசிரியர் காணும் கண்ணும் இன்னொரு பகுதியை விளக்கக்கூடும். படிவ எண்ணை மட்டும் வைத்து இவற்றைப் பிரித்தறிய முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை, ஏனெனில் என் வாதத்தையே எடுத்துக்கொண்டு ‘பார்த்தீர்களா, பிள்ளைக்கு ஒன்றுமில்லை, மொழிதான் பிரச்சினை’ என்று மருந்தை நிறுத்துவோர் இருப்பார்கள். இருமொழிச் சூழல் ஏடிஎச்டியை உண்டாக்குவதில்லை, அதிலிருந்து காப்பதுமில்லை. மருத்துவ வரையறையே, அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன் தொடங்கி, குறைந்தது இரண்டு சூழல்களில் காணப்பட வேண்டும் என்கிறது. ஆகவே பிரித்தறியும் வழி கைக்கெட்டும் தொலைவில் உள்ளது. வீட்டு மொழியில் பாட்டி கதை சொல்லும்போது அந்தக் குழந்தை எப்படி இருக்கிறது? தெருவில் பம்பரம் விட முறை வரும்வரை காத்திருக்க முடிகிறதா? தமிழில் மூன்று ஏவல்களை அடுத்தடுத்துச் சொன்னால் மூன்றாவதையும் செய்கிறதா? வகுப்பில் மட்டும் சிதறி, தன் மொழியில் கதைக்குள் மூழ்கும் குழந்தைக்கு வேண்டியது வேறு உதவி. பாட்டி கதையிலும் பாதியில் எழுந்தோடும் குழந்தைக்குத் தாய்மொழிக் கல்வி பற்றிய நம் சொற்பொழிவு பயன்படாது. அதற்கு மருத்துவர் வேண்டும், தேவைப்பட்டால் மாத்திரையும் வேண்டும். ஆறு வயது நிறையாதவர்களுக்குப் பெற்றோர் வழி நடத்தைப் பயிற்சியே முதலில் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2019இல் சொன்னது. அதற்கு மேல் வயதுள்ள குழந்தை கண்முன் துன்பப்படும்போது கொள்கைக்காக மருந்தை மறுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பல்கலைக்கழக நண்பர்களின் சினம் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானது. அங்கே 2022 கணக்கின்படி 3 முதல் 17 வயது வரையிலான குழந்தைகளில் 11.4 விழுக்காட்டினர் எப்போதேனும் ஏடிஎச்டி என்று கண்டறியப்பட்டவர்கள். இப்போது அக்குறைபாடு உள்ளவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் மருந்து உட்கொள்பவர்கள். மிகை மருந்து பற்றிய விமரிசனத்துக்கு அங்கே நிலம் இருக்கிறது. இங்கே மெத்தில்ஃபெனிடேட் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் அட்டவணையில் உள்ள மருந்து. ஆவணங்களைப் பேண வேண்டியிருப்பதால் சிற்றூர் மருந்துக் கடைகள் அதை வைத்துக்கொள்ள விரும்புவதில்லை. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. குழந்தைகளுக்கென்று தனியே பயின்றவர் அதிலும் மிகச் சிலர். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின் முப்பது நிலைகளில் ஏடிஎச்டியும் ஒன்று. பள்ளிக்கு வரும் குழு அதையும் பார்க்கக் கடமைப்பட்டது. பார்த்து அனுப்பிய பின் திருப்பதிக்கோ எல்லை தாண்டி வேலூருக்கோ மாதந்தோறும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் போவது என்பதே இங்குள்ள கேள்வி. எம்டிஏ காட்டிய அந்த அரை மணி நேரத்தின் விலை நம்மூரில் அது.

ஆகவே என் வேண்டுகோள் மருத்துவர்களுக்கு அன்று, இதை வாசிக்கும் உங்களுக்கு. திருப்பதி, குப்பம், வேலூர்ப் பக்கத்துக் கல்வியியல், உளவியல், செவிலியர் துறைகளில் ஏடிஎச்டி படிவங்களை மொழிபெயர்த்துப் பயன்படுத்தி ஆய்வேடு எழுதுவோர் பலர் இருக்கிறீர்கள். ‘கருவி தமிழில் மொழிபெயர்க்கப்பட்டது’ என்று ஒரு வரியோடு கடக்காமல், நீங்கள் கையாண்ட தமிழ், தெலுங்கு வாக்கியங்களை அப்படியே பின்னிணைப்பில் தாருங்கள். பத்துத் தாய்மாரிடம் ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டி, ‘இதில் என்ன கேட்கிறார்கள் என்று உங்கள் சொல்லில் சொல்லுங்கள்’ என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வாரத்து வேலை. எந்தக் குழந்தையின் வீட்டு மொழி எது என்பதற்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள்.

அந்த ஒரு வரிக்கு என்னிடம் இப்போதைக்கு உள்ள தமிழ் இது: ‘பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முகம் பார்த்துப் பேசும்போதும், மனம் வேறெங்கோ இருப்பதுபோல் தெரிகிறதா?’ ‘காதில் விழாததுபோல்’ என்று முதலில் எழுதினேன். அது வேண்டுமென்றே கேளாததுபோல் நடிப்பதைக் குறிப்பதாக நகரிப் பக்கத்தில் சிலர் சொன்னதால் நீக்கினேன். ‘மனம் வேறெங்கோ’ என்பதும் சிலருக்குக் கவலையில் மூழ்கியிருப்பதாகப் படலாம். இதைவிடத் தெளிவான வாக்கியம் உங்கள் வீட்டுப் பேச்சில் இருந்தால், தமிழிலோ எல்லைப்புறத் தெலுங்கிலோ, எந்த ஊர் வழக்கு என்பதோடு கீழே எழுதுங்கள்.